கழுத்தில் முண்ணாண் நெருக்கம்: காத்திருப்பதா, சத்திரசிகிச்சையா, எங்கே?

கழுத்துப் பகுதியில் முண்ணாண் (மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டு) நெருக்குண்டிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டால், யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் ‘எங்கே செய்யலாம்?’ என்பதாகவே இருக்கிறது. பெரியாஸ்பத்திரியா (யாழ். போதனா வைத்தியசாலை), கொழும்பா, சென்னையா என்று வீட்டிலிருப்பவர்கள் ஒரு பக்கமும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தொலைபேசியில் மறுபக்கமுமாக விவாதித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இடத்தைப் பற்றிய கேள்வி உண்மையில் மூன்றாவதாகக் கேட்கப்பட வேண்டியது. சத்திரசிகிச்சை தேவையா, தேவையெனில் எவ்வளவு விரைவில் என்பது முதலாவது கேள்வி. கழுத்தின் முன்புறமாகவா பின்புறமாகவா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் இடத்தைத் தீர்மானிக்க முற்படுவதாலேயே பல குடும்பங்களில் முடிவு தாமதமாகிறது என்பது என் கருத்து.

வளர்ந்த ஆணில் முண்ணாண் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமானது. மூளையின் அடியிலிருந்து இறங்கி, நாரிப் பகுதியின், அதாவது கீழ்முதுகின், முதலாம் இரண்டாம் முள்ளென்புகளின் மட்டத்தில் முடிகிறது. கழுத்தில் அதைச் சூழ்ந்திருக்கும் எலும்புக் கால்வாயின் முன்பின் விட்டம் பொதுவாக 17 அல்லது 18 மில்லிமீற்றர். வயது ஏற ஏற, முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள இடைத்தட்டு வற்றிப் பின்னோக்கிப் பிதுங்குவதாலும், முள்ளென்புகளின் ஓரங்களில் எலும்பு முளைகள் வளர்வதாலும், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தடிப்பதாலும் இந்த இடம் குறைகிறது. 13 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கினால் கால்வாய் ஒடுங்கியது என்றும், 10 மில்லிமீற்றருக்குக் கீழே கடுமையாக ஒடுங்கியது என்றும் கொள்வார்கள். பிறவியிலேயே ஒடுங்கிய கால்வாய் உடையவர்களுக்குச் சிறிய பிதுக்கம்கூட நெருக்கத்தை ஏற்படுத்தப் போதுமானது.

இதைச் சாதாரணக் கழுத்தெலும்புத் தேய்மானமான ‘கழுத்து ஸ்பொண்டிலோசிஸ்’ உடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேய்மானம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கழுத்து நோவைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. பக்கவாட்டில் வெளியேறும் நரம்புவேர் மட்டும் நெருக்குண்டால் ஒரு கையில் சுள்ளென்று நோ இறங்கும். அது பலருக்கு மருந்துடனும் ஓய்வுடனும் சில வாரங்களில் தணிந்துவிடும். முண்ணாணே நெருக்குண்டால் நோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சேட்டின் பொத்தானைப் பூட்ட முன்னரைவிட அதிக நேரம் எடுக்கும், சோற்றைக் குழைத்துக் கவளம் திரட்டும் விரல்கள் தடுமாறும், கையெழுத்து மாறும், நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்று போனதே தெரியாமல் இரண்டு அடி கடந்திருப்பார், இருட்டில் கிணற்றடிக்குப் போகையில் சுவரைப் பிடிப்பார், சைக்கிளில் இருந்து இறங்கும்போது கால் விறைத்து நிற்கும். ‘கை விறைக்குது, அவ்வளவுதான் தம்பி’ என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார், வீட்டிலுள்ளவர்களும் வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிடுவார்கள்.

வைத்தியர் கிளினிக்கில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. கையை நீட்டி, விரல்களை முற்றாக மடக்கி முற்றாக விரிக்கும்படி கூறி, 10 விநாடிகளில் எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணுவார். ஆரோக்கியமான ஒருவர் 20 தடவையோ அதற்கு மேலோ செய்வார். முண்ணாண் பாதிக்கப்பட்டவரின் எண்ணிக்கை குறையும், சின்னி விரலும் மோதிர விரலும் முழுதாக விரியாமல் பின்தங்கும். இத்துடன் நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்ப்பதும், உள்ளங்காலைக் கீறிப் பெருவிரல் மேலெழுகிறதா என்று பார்ப்பதும் சேர்ந்தால், படம் எடுப்பதற்கு முன்பே நோயைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். இவற்றைச் செய்யாமல் எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் ஆலோசனையை, அது எந்த ஊரில் கிடைத்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

முடிவெடுக்கும் முன்னர் வேறு காரணங்களை விலக்கியாக வேண்டும். நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பும், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதும் கை விறைப்பைத் தரும். முண்ணாண் நெருக்கம் உள்ள பலர் முதலில் இவ்விரண்டில் ஒன்று என்று கருதப்பட்டுக் காலம் இழக்கிறார்கள். முதல் அறிகுறியிலிருந்து சரியான நோயறிதல் வரை சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்வதாக வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். நெடுங்காலம் சுத்த சைவமாக உண்பவர்களுக்கும், நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்கும் விற்றமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைபாடு முண்ணாணின் பின்பகுதியைப் பாதித்து, தள்ளாட்டத்தையும் விறைப்பையும் ஏறத்தாழ இதே சாயலில் தரும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கவும் கூடும். ஓர் இரத்தப் பரிசோதனையால் தெரிந்துவிடும் விடயத்தைப் பாராமல் கழுத்தைத் திறப்பது நியாயமாகாது.

இனி முதலாவது கேள்வி. நோயின் கடுமையை அளக்க ‘எம்.ஜே.ஓ.ஏ.’ என்ற 18 புள்ளி அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. கைகளின் இயக்கத்துக்கு 5, கால்களுக்கு 7, கைகளின் உணர்ச்சிக்கு 3, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு 3 என்று புள்ளிகள் பகிரப்பட்டுள்ளன. 15 முதல் 17 வரை இலேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11உம் அதற்குக் கீழும் கடுமையானது. இதன் மூல வடிவம் ஜப்பானில் பிறந்தது. அங்கே கையின் திறனைச் சாப்பாட்டுக் குச்சிகளைக் கொண்டு அளந்தார்கள், பின்னர் மேற்கில் அது கரண்டியாகவும் பொத்தானாகவும் மாறியது. கையால் உண்ணும் நம்மவரிடம் கரண்டியைப் பற்றிக் கேட்பதைவிட, சோறு குழைக்க முடிகிறதா, தேங்காய் துருவ முடிகிறதா என்று கேட்பது பொருத்தமானது. நோயாளியும் இந்தக் கேள்விகளுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார்.

முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நடுத்தர நிலையிலும் கடுமையான நிலையிலும் சத்திரசிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது. இலேசான நிலையில் சத்திரசிகிச்சையோ, மேற்பார்வையுடன் கூடிய இயன்மருத்துவப் பயிற்சியோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பயிற்சியால் முன்னேற்றம் இல்லையென்றாலோ நிலை மோசமானாலோ சத்திரசிகிச்சைக்கு மாறலாம். படத்தில் நெருக்கம் தெரிந்தும் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு முற்காப்பாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதில்லை. எச்சரிக்கைகளைச் சொல்லி, தவணைக்குத் தவணை பார்த்துவருவதே முறை. வேறொரு காரணத்துக்காகப் படம் எடுத்துத் தற்செயலாக நெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பீதியடைந்து ஒரே வாரத்தில் மூன்று நிபுணர்களைச் சனல் பண்ணுவதை (தனியாரில் முன்பதிவு செய்து பார்ப்பதை) தவிர்க்க இந்த ஒரு குறிப்பே போதுமானது.

காத்திருப்பதன் சாதகம் வெளிப்படையானது: மயக்கமருந்தும் கீறலும் இல்லை, செலவில்லை, சிலர் ஆண்டுக்கணக்கில் அதே நிலையில் இருந்துவிடுகிறார்கள். செக் குடியரசில் இலேசான, நடுத்தர நோயாளிகளை இரு பிரிவாக்கி 10 ஆண்டுகள் தொடர்ந்த சிறிய ஆய்வொன்றில் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சத்திரசிகிச்சையை மறுப்பவர்கள் மேற்கோள் காட்டத்தக்க ஆதாரம் இதுவே. மறுபுறத்தில், சத்திரசிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் 20 முதல் 60 சதவீதத்தினர் வரை சில ஆண்டுகளில் மேலும் மோசமாவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. மோசமாகும் விதத்தையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. படிப்படியாக இறங்கி, நடுவில் மாதக்கணக்கில் அப்படியே நின்று, பின்னர் ஒரேயடியாகச் சரிவது இந்நோயின் இயல்பு. நிற்கும் அந்த மாதங்களைக் குணம் என்று நம்பிவிடுவது எளிது.

சத்திரசிகிச்சையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். அதன் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. பலருக்குக் கையின் பாவனையும் நடையும் முன்னேறுகின்றன, அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்கள் முதல் ஓர் ஆண்டுக்குள் தெரிந்துவிடும். ஆயினும் முண்ணாணின் இழையங்கள் நெடுங்காலம் நசுங்கி அழிந்த பின்னர், நெருக்கத்தை எடுத்துவிட்டாலும் அவை மீள்வதில்லை. அறிகுறி தொடங்கிக் குறுகிய காலத்தில், நடமாட்டம் இருக்கும்போதே செய்துகொண்டவர் பெறும் பயனை, சக்கர நாற்காலிக்கு வந்த பின் செய்துகொள்பவர் பெறுவது அரிது. ஆகவே நடுத்தர நிலைக்கு வந்துவிட்டவரிடம் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்பதை ஒரு நடுநிலையான முடிவாக நான் கருதவில்லை.

காத்திருக்கத் தீர்மானிப்பவர் சிலவற்றைக் கட்டாயம் விட வேண்டும். சலூனில் தலைமயிர் வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துவிடும் வழக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. தோளுக்கும் முதுகுக்கும் எண்ணெய் பூசித் தேய்ப்பதால் கெடுதி இல்லை. கைதடியில் சித்த வைத்தியம் பார்ப்பவரோ ஊரில் முறிவு நெரிவு பார்ப்பவரோ கழுத்தை இழுக்கவோ திருகவோ முற்பட்டால் எம்.ஆர்.ஐ. அறிக்கையை அவரிடம் காட்டி நிறுத்தச் சொல்ல வேண்டும். விழுகையும் அப்படியே. ஒடுங்கிய கால்வாயுடன் ஒருவர் முகங்குப்புற விழுந்து கழுத்து பின்னால் வளைந்தால், எலும்பு முறியாமலே இரு கைகளும் செயலிழந்து போகலாம். பனையேறும் சீவல் தொழிலாளிக்கும் மேசன் வேலை செய்பவருக்கும் ‘உயரத்தில் ஏறாதே’ என்பது வருமானத்தை விடச் சொல்வதற்கு ஒப்பானது. அவர்களின் கணக்கில் சத்திரசிகிச்சை சற்று முன்னதாகவே வருவது நியாயம். சிறுநீர் கழிக்க முடியாமல் போவதோ, சில நாட்களுக்குள் நடை தளர்வதோ ஏற்பட்டால் காத்திருப்பு அத்துடன் முடிந்தது: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் நேரே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் நோயாளிக்குத் தெரிவு குறைவு, ஆனால் காரணத்தைக் கேட்கும் உரிமை உண்டு. முன்புற வழியில் கழுத்தின் முன்பக்கத்தில் சிறிய கீறலிட்டு, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, பிதுங்கிய இடைத்தட்டை முழுவதும் அகற்றி, அந்த இடத்தில் சிறு கூடொன்றை வைத்துத் தகடும் திருகாணியும் பூட்டி இரு முள்ளென்புகளையும் ஒன்றாக்குவார்கள். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்களான ஸ்மித், ரொபின்சன் இருவரும், ஹவாயில் பணியாற்றிய குளோவார்டும் 1950களில் இந்த வழியை நிலைநிறுத்தினர். நெருக்கம் ஒன்றிரண்டு மட்டங்களில் (ஒரு மட்டம் என்பது அடுத்தடுத்த இரு முள்ளென்புகளுக்கு இடைப்பட்ட இடம்), முன்னிருந்து வருகையில் இது பெரும்பாலும் சிறந்தது. கழுத்து முன்னோக்கிக் கூனியிருந்தாலும் இதுவே பொருத்தம். பின்புற வழியில் முள்ளென்புகளின் பின்புற எலும்பு வளைவை அகற்றிக் கால்வாயை விரிப்பார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மட்டங்கள் நெருக்குண்டு, கழுத்து இயல்பாகப் பின்னோக்கி வளைந்திருக்கும் வடிவம் கெடாமல் இருக்கும்போது இது உகந்தது. அந்த எலும்பு வளைவை மட்டும் அகற்றிவிட்டு விட்டால் பின்னாளில் கழுத்து கூனக்கூடும் என்பதால் பலருக்குத் திருகாணிகளும் சேர்த்துப் பூட்டப்படும். 1970களில் ஜப்பானில் ஹிரபயாஷி வகுத்த முறையில் அந்த எலும்பு வளைவை அகற்றாமல், கீல் பூட்டிய கதவைப் போல ஒரு பக்கத்தில் திறந்து நிறுத்துவார்கள். கழுத்தின் அசைவு ஓரளவு மிஞ்சும்.

எது மேல்? வட அமெரிக்காவின் 15 வைத்தியசாலைகளில் 163 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் உடற்றிறனில் இரு வழிகளுக்கும் இடையே வேறுபாடு இருக்கவில்லை. சிக்கல்கள் முன்புற வழியில் 48 சதவீதமும் பின்புற வழியில் 24 சதவீதமுமாக இருந்தன. முன்புறத்தின் சிக்கல்களில் பெரும்பங்கு விழுங்குவதில் ஏற்படும் சிரமம், அது பலருக்கு நாளடைவில் தணிவது. குரல் கம்முவதும் முன்புற வழிக்கே உரியது. மேடையில் பாடுபவர், வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், கோயிலில் ஓதுபவர் ஆகியோர் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பின்புற வழியில் கழுத்துத் தசை நோவும் காயத்தில் கிருமித்தொற்றும் ஒப்பீட்டளவில் அதிகம். இரு வழியிலும் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்குத் தோளை உயர்த்த முடியாமல் போகிறது; பெரும்பாலானோருக்கு அது மாதங்களில் திரும்பும். முன்புறத்தில் இணைத்த மட்டத்துக்கு மேலும் கீழும் உள்ள மட்டங்கள் பின்னர் தேய்ந்து அறிகுறி தருவது ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் என்று 1999இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வொன்று கணித்தது.

இனி இடம். இங்கே பலருக்கும் யாரைப் பார்ப்பது என்பதிலேயே குழப்பம். நரம்பியல் வைத்திய நிபுணர் மருந்தால் சிகிச்சை செய்பவர். நோயைப் பிரித்தறிவதில், பி12 போன்றவற்றை விலக்குவதில் அவருடைய உதவி பெரிது. கத்தி எடுப்பவர் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். முள்ளந்தண்டில் தனிப் பயிற்சி பெற்ற என்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் இதைச் செய்கிறார்கள். முண்ணாணை நெருக்கிய கட்டியொன்றை விக்ரர் ஹோர்ஸ்லி 1887இல் லண்டனில் அகற்றி நோயாளியை நடக்க வைத்ததிலிருந்து தொடங்குகிற இத்துறையை, இந்தியாவில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் இராமமூர்த்தியும், இலங்கையில் 1950களில் கொழும்பில் ஷெல்டன் கப்ராலும் நிறுவினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அன்று கொழும்புக்கோ தமிழகத்துக்கோ போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ‘பெரிய வருத்தமென்றால் இந்தியா’ என்ற நினைப்பு அந்தக் காலத்தின் எச்சம்.

இன்று யாழ். போதனா வைத்தியசாலையிலேயே நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இலங்கையில் நிபுணராகச் சான்று பெறுபவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகத்தில் பயின்று வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்தவர். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு ஒரு சான்று, கொழும்பில் இருப்பவருக்கு வேறு சான்று என்று இல்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் செய்வதன் உண்மையான பலம், ஆயினும், பின்தொடர்தலில் இருக்கிறது: தையல் வெட்டுவது, காயம் கசிந்தால் அதே வைத்தியரிடம் காட்டுவது, இயன்மருத்துவத்துக்கு மாதக்கணக்கில் போய்வருவது, வீட்டுச் சாப்பாடு விடுதிக்கு வருவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மொழியில் தன் கையின் நிலையைச் சொல்ல முடிவது. பலவீனம் காத்திருப்புப் பட்டியல். எப்போது திகதி கிடைக்கும், கூடும் தகடும் வைத்தியசாலையில் இருக்கின்றனவா, வெளியில் வாங்க வேண்டுமா என்பவற்றை முதல் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கடுமையான நிலையில் உள்ளவருக்குத் திகதி பல மாதங்களுக்கு அப்பால் குறிக்கப்பட்டால், அதைக் காரணமாகச் சொல்லி வேறிடத்துக்கு மாற்றுக் கடிதம் கேட்பதில் தவறில்லை.

கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் இருந்தாலும் சில வேளைகளில் சரியான விடை. முண்ணாணின் உள்ளேயே வளர்ந்த கட்டி, பல மட்டங்களில் முள்ளென்புகளைப் பிணைக்கும் பின் இணைநார் எலும்பாகத் தடித்திருத்தல், முன்பு செய்த சத்திரசிகிச்சை தோல்வியுற்றிருத்தல், சத்திரசிகிச்சையின்போது நரம்பின் சமிக்ஞைகளைக் கண்காணிக்கும் கருவியின் தேவை ஆகியவற்றில் அதிக எண்ணிக்கையில் இவற்றைச் செய்யும் பிரிவே நல்லது. தீவிரப் புனர்வாழ்வு தேவைப்படுபவருக்குக் கொழும்புக்கு அருகே ராகமையில் அதற்கென வைத்தியசாலை உண்டு. தனியார் வைத்தியசாலை வரிசையைக் குறைக்கும், விலையைக் கூட்டும். அங்கே நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: முன்புறச் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில மணி நேரத்தில் கழுத்துக்குள் இரத்தம் தேங்கினால் மூச்சுக்குழாய் நெருக்குண்ணும், நள்ளிரவில் அதைத் திறந்துவிடக்கூடிய வைத்தியரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா? அறையின் குளிரூட்டியைப் பற்றி அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.

2019இல் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியதன் பின் இந்தியா கொழும்பைவிடக் கிட்ட வந்துவிட்டது போன்ற உணர்வு இங்கே உண்டு. மொழி தடையில்லை, திகதி விரைவில் கிடைக்கிறது, அனுபவமும் அங்கே மிகுதி. ஆனால் முன்பணமாகச் சொல்லப்படும் தொகையில் விசா, துணைக்கு வருபவரின் தங்குமிடம், எதிர்பாராத மேலதிக நாட்கள் ஆகியவை அடங்குவதில்லை. ஆறாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் காட்டச் சொன்னால் மீண்டும் பயணம். திரும்பி வந்த மூன்றாம் வாரத்தில் காயம் கசிந்தால் போவது பெரியாஸ்பத்திரிக்குத்தான். அங்கே இருக்கும் வைத்தியரிடம் யார், எந்த மட்டத்தில், எதைப் பூட்டினார் என்ற விபரம் இருக்காது. ஆகவே போகத் தீர்மானிப்பவர்கள் டயக்னோசிஸ் காட்டுடன் (வீடு திரும்பும்போது தரும் நோய்ச் சுருக்க அட்டை) மட்டும் திரும்பக் கூடாது: சத்திரசிகிச்சைக் குறிப்பு, பதித்த உபகரணத்தின் பெயரும் உலோகமும், முன்னும் பின்னும் எடுத்த படங்களின் சீடி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். புறப்படும் முன்பே இங்குள்ள நிபுணர் ஒருவரைப் பார்த்துக் கிளினிக் கொப்பி ஒன்றைத் தொடங்கிவைப்பதும் நல்லது. வெளியே போகிறோம் என்று சொல்லப் பலர் கூசுகிறார்கள். அதனால் கோபிக்கும் வைத்தியர்கள் நினைப்பதைவிடக் குறைவு.

என் தரவரிசை இப்படி அமைகிறது. ஒன்றிரண்டு மட்டங்களில் நடுத்தர நெருக்கம், நியாயமான காலத்துக்குள் திகதி என்றால் யாழ்ப்பாணம். சிக்கலான நெருக்கம் என்றால், யாழ்ப்பாணத்து நிபுணரின் கடிதத்துடன் கொழும்பு. திகதி கிடைக்காமலும் நிலை இறங்கிக்கொண்டும் இருந்து, வசதியும் இருந்தால் இந்தியா. இரண்டாவது கருத்துப் பெறுவதற்கு நோயாளி பயணம் செய்யவே வேண்டியதில்லை, படங்களுடன் இங்குள்ள வைத்தியரின் சோதனைக் குறிப்பையும் அனுப்பினால் போதும். அதற்கு இரண்டு வாரங்களை ஒதுக்கி, அந்த எல்லைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

வயதைப் பற்றி மட்டும் ஒன்று மீதியிருக்கிறது. ‘எழுபத்தைந்து வயதில் எதற்கு?’ என்று பிள்ளைகள் கேட்பது அன்பினால்தான். வயது தனியாக ஒரு தடையல்ல; இருதயம், சுவாசம், சிறுநீரகம், நீரிழிவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்த்து மயக்கமருந்து நிபுணர் சொல்லும் கருத்தே கணக்கில் வர வேண்டியது. இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். புகைப்பவர் அதை நிறுத்தியாக வேண்டும், ஏனெனில் புகையிலை எலும்பு ஒட்டுவதைத் தாமதிக்கும். சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முதியவர் தெளிந்த மனதுடன் சொன்னால் அதுவும் ஒரு முடிவே. அப்படியானால் குளியலறையில் பிடிமானக் கம்பி பூட்டுவதும், கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுவதும், இரவில் நடைவழியில் விளக்கை எரியவிடுவதும் அந்த வாரத்திலேயே செய்யப்பட வேண்டியவை.